ஓரமாகப் போ என்கிறார்கள், ஓரத்தில் எங்கே போவது? (தினமும் சைக்கிளில் போகிறவர்களுக்கான இழை)

சதுப்புநிலக்காரன் | திங்கள், இரவு 9:40

வார இறுதியில் ஈ.சி.ஆரில் மகாபலிபுரம் வரை மிதிப்பவர்களுக்கு இங்கே இழைகளுக்குப் பஞ்சமில்லை. வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒன்றுகூடக் காணோம். அதனால் நானே தொடங்குகிறேன்.

வீடு மேடவாக்கம், அலுவலகம் துரைப்பாக்கம். பள்ளிக்கரணை வரை வேளச்சேரி சாலை, அப்புறம் 200 அடி ரேடியல் ரோடு. ஒரு வழி பத்து கி.மீ.க்குள்தான் வரும். வண்டி சாதாரண கியர் சைக்கிள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, பெல் எல்லாம் மாட்டியிருக்கிறேன்.

சாலையில் எனக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ஓரமாப் போய்யா." ஆட்டோக்காரரும் அதையே சொல்கிறார், வீட்டில் மாமனாரும் அதையே சொல்கிறார். சரி, அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? மழைநீர் வடிகால் மூடி, சாலை மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ ஏதாவது ஒன்று. லாரியில் கொட்டிய எம்-சாண்ட். தார் முடியும் இடத்தில் நாலு விரல் பள்ளம். நிறுத்திய கார்கள், அவற்றில் எது எப்போது கதவைத் திறக்கும் என்று தெரியாது. ஆள் ஏற்ற நிற்கும் ஷேர் ஆட்டோ. இவ்வளவையும் தாண்டினால் எதிர்த் திசையில் வரும் பைக்.

இப்போது ஒரு கணக்கு. நகரத்தில் ஒரு தடம் பொதுவாக 3.5 மீட்டர் அகலம். என் ஹேண்டில்பார் 65 செ.மீ. என் சக்கரம் விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளிப் போனால், விளிம்பிலிருந்து 60 செ.மீ. சொச்சம் வரை நான் இருக்கிறேன். மீதி 2.9 மீட்டர். கார் கண்ணாடியோடு சேர்த்து ஏறத்தாழ 2 மீட்டர். "போய்விடலாம்" என்று ஓட்டுநருக்குத் தோன்றும், போய்விடுவார். என் முழங்கையை உரசாத குறைதான். அதுவே பஸ்ஸாக இருந்தால் 2.6 மீட்டர், கண்ணாடி தனி. மிச்சம் ஒன்றுமே இல்லை.

நான் ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போனால், அதே தடத்தில் என்னைத் தாண்ட முடியாது என்பது பின்னால் வருபவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஒன்று வேகத்தைக் குறைக்கிறார், இல்லை அடுத்த தடத்துக்கு மாறுகிறார். ஹார்ன் அதிகம்தான். ஆனால் உரசிப் போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹார்ன் அடிப்பவர் என்னைப் பார்த்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பயம் அடிக்காதவரைப் பற்றித்தான்.

ரேடியல் ரோட்டில் இதைச் செய்வதில்லை. அங்கே வண்டிகள் 60, 70இல் வரும். அங்கே இடது விளிம்பில் கிடைக்கும் அகலத்தில், நேர்கோட்டில் போவேன். உங்கள் வழி என்ன? எழுதுங்கள்.

---

கார்க்காரன்44 | திங்கள், இரவு 10:25

படித்தேன். கோபம் வந்தது, மறைக்கவில்லை.

காலை எட்டரை மணிக்கு, ஏற்கெனவே மெட்ரோ தடுப்புகள் பாதி சாலையை விழுங்கியிருக்கும் பெரும்பாக்கம் சாலையில், ஒருவர் 15 கி.மீ. வேகத்தில் தடத்தின் நடுவே போனால் பின்னால் ஐம்பது வண்டி நிற்கும். அந்த ஐம்பது பேருக்கும் அலுவலகம் இருக்கிறது. சாலை வரி கட்டுகிறோம், காப்பீடு கட்டுகிறோம், உரிமம் வைத்திருக்கிறோம். சைக்கிளுக்கு இதில் எதுவும் கிடையாது.

சிவப்பு சிக்னலில் நிற்கும் சைக்கிளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் லைட்டும் கிடையாது. கறுப்புச் சட்டை, கறுப்பு சைக்கிள், சோடியம் விளக்கு எரியாத தெரு. இடித்தால் தப்பு கார்க்காரன் மேல். முதலில் அதைச் சரி செய்துவிட்டு அப்புறம் ஒரு மீட்டர் கேளுங்கள்.

---

சதுப்புநிலக்காரன் | திங்கள், இரவு 10:50

லைட் விஷயத்தில் உங்கள் பக்கம்தான். விளக்கில்லாமல் ராத்திரியில் போவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வரி பற்றி: சைக்கிள் மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனமே இல்லை, அதனால் பதிவும் உரிமமும் இல்லை. ஆனால் சாலை போடும் பணம் வாகன வரியில் இருந்து மட்டும் வருவதில்லை. நான் வாங்கும் சோப்புக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறேன். போகட்டும், என் வீட்டிலும் கார் இருக்கிறது. அதற்கும் வரி கட்டுகிறேன்.

ஐம்பது வண்டி நிற்கும் என்கிறீர்கள். பெரும்பாக்கம் சாலையில் காலை நேரத்தில் கார்களின் வேகம் என்ன என்று நேர்மையாகச் சொல்லுங்கள். அடுத்த சிக்னலில் நான் உங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

---

பழைய ஸ்டியரிங் | செவ்வாய், காலை 5:55

தம்பிகளா, நான் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். தாம்பரம், வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் எல்லாம் ஓட்டியிருக்கிறேன். டிரைவர் சீட்டில் இருந்து என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படும்.

எனக்கு முன்னால் நேராகப் போகிற சைக்கிளால் எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. நடுவில் போனாலும் சரி. பார்த்தேன், வேகத்தைக் குறைத்தேன், இடம் கிடைத்தபோது தாண்டினேன், முடிந்தது. வயிற்றைக் கலக்குகிறவர் வேறு ஒருவர். ஓரத்தோடு ஓரமாகப் போவார். கார் நிற்கும், திடீரென்று வலப்பக்கம் வெட்டுவார். கார் தாண்டியதும் மறுபடி இடப்பக்கம் உள்ளே போவார். அடுத்த பள்ளத்துக்கு மறுபடி வெளியே. திரும்பிப் பார்க்க மாட்டார், கையும் காட்ட மாட்டார். பஸ்ஸை அப்படியெல்லாம் நிறுத்த முடியாது. மணிக்கு 50இல் போனால், கண் பார்த்து கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு நொடியிலேயே வண்டி 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிப்பது அதற்கு அப்புறம்தான். உள்ளே நின்றுகொண்டு வரும் ஜனங்களையும் யோசிக்கணும்.

ரெண்டாவது, இதை எல்லாரும் படியுங்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் இடப்பக்கம் நுழையாதீர்கள். சிக்னலில் நிற்கும்போது முன்னால் போக ஆசையாக இருக்கும். இடப்பக்கம் முன் சக்கரத்தை ஒட்டி நிற்கிற ஆள் டிரைவருக்குக் கண்ணாடியிலும் தெரிய மாட்டார், ஜன்னலிலும் தெரிய மாட்டார். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது, உள்ளே அறுத்துக்கொண்டு வரும். நடைபாதைக் கல்லுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டினால் அவ்வளவுதான். எங்கே நின்றால் பாதுகாப்பு என்றால், பின்னால். புகை வரும், பரவாயில்லை.

பஸ் ஸ்டாப்பிலும் அதேதான். பஸ் நின்றால் இடப்பக்கம் ஜனங்கள் இறங்குவார்கள். நீங்களும் நில்லுங்கள், அரை நிமிஷம்.

கார்க்காரர் தம்பி சொன்ன லைட் விஷயம் நூற்றுக்கு நூறு. எங்கள் காலத்தில் லைட் இல்லாமலோ டபுள்ஸ் அடித்தோ போனால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார். தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகணும்.

---

கார்க்காரன்44 | செவ்வாய், காலை 8:10

ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். திடீரென்று வெட்டுவதுதான் எனக்கும் பிரச்சினை. ஆனால் அதற்குத் தடத்தின் நடுவே போவதுதான் மருந்து என்பதை இன்னும் ஏற்கவில்லை.

---

தாவணியும் சைக்கிளும் | செவ்வாய், மதியம் 1:30

சொந்த ஊர் புதுக்கோட்டை பக்கம், இப்போது மடிப்பாக்கம். பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று வந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே கற்றவர்கள் நிறைய. என் அம்மாவும் ஒருத்தி. அவர் முன்னால் பாரில் என்னை உட்காரவைத்து, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டி ஓட்டுவார். கேலி செய்தவர்களும் இருந்தார்கள். அம்மா பெல் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அந்த அம்மாவே இப்போது நான் மடிப்பாக்கத்தில் சைக்கிள் எடுத்தால் "வேண்டாம்டி" என்கிறார். ஊர் ரோட்டில் எதிரே வருவது மாட்டுவண்டியும் டவுன் பஸ்ஸும். இங்கே வருவது வேறு.

என் அனுபவம். சுடிதாரோடு ஓட்டுகிறவர்கள் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி இடுப்பில் முடிச்சுப் போடுங்கள். தொங்கவிட்டால் பின் சக்கரம் இழுத்துக்கொள்ளும். முழு செயின் கவர் உள்ள வண்டிதான் எனக்கு உகந்தது, கியர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் யாரும் எழுதாத விஷயம்: பைக்கில் வந்து பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வருகிறவர்கள். நான் ஓரமாகப் போனபோது இது அதிகம். சுவரோடு ஒட்டிப் போகிற ஆளை ஒதுக்குவது சுலபம் போல. கொஞ்சம் உள்ளே தள்ளி, பின்னால் மற்ற வண்டிகள் வருகிற இடத்தில் ஓட்டும்போது அவனால் பக்கத்தில் நிலைக்க முடிவதில்லை, பின்னால் இருப்பவர்களே ஹார்ன் அடித்துத் துரத்திவிடுகிறார்கள். அதனால் கார்க்காரன் சார், ஒரு மீட்டர் எனக்கு வேறு காரணத்துக்காகவும் தேவைப்படுகிறது.

---

ஒன்பதாம் வகுப்பு அம்மா | செவ்வாய், இரவு 8:15

இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. மகள் ஒன்பதாவது. பள்ளி இரண்டு கி.மீ. இப்போது வேனில் போகிறாள். சைக்கிளில் போகிறேன் என்று அடம். வழியில் ஒரு பெரிய சாலையைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும், சிக்னல் உண்டு. மற்றதெல்லாம் உள்தெரு. அனுப்பலாமா? அவள் அப்பா வேண்டாம் என்கிறார்.

---

சதுப்புநிலக்காரன் | செவ்வாய், இரவு 9:05

உள்தெருவும் ஒரு சிக்னலும்தான் என்றால் அனுப்பலாம் என்பேன், ஆனால் சிக்னலைச் சொல்லிக்கொடுத்த பிறகு.

நமக்கு இடப்பக்கப் போக்குவரத்து. ஆக இடது திருப்பம் சுலபம், வலது திருப்பம்தான் ஆபத்து. நேராக வரும் எல்லா வண்டிக்கும் குறுக்கே போக வேண்டும். பள்ளிக்கரணையில் எனக்கும் ரேடியல் ரோட்டுக்கு வலது திருப்பம்தான். நான் இரண்டு கட்டமாகச் செய்கிறேன். பச்சை விழுந்ததும் வலப்பக்கம் போகாமல், நேராகப் போகிறவர்களோடு இடது ஓரமாகவே சந்திப்பைக் கடந்துவிடுவேன். எதிர்முனையில் இடது மூலையில் நின்று வண்டியைப் போக வேண்டிய திசைக்குத் திருப்பி வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கத்துக்குப் பச்சை விழும்போது மறுபடி நேராகப் போவேன். ஒரு சிக்னல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் போய் மாட்டிக்கொள்ளும் நிலையே வராது.

பாப்பாவுக்கு அதுவும் கஷ்டமென்றால் இறங்கி, வரிக்குதிரைக் கோட்டில் தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். சைக்கிளின் பெரிய வசதியே அதுதான், எப்போது வேண்டுமானாலும் பாதசாரியாகிவிடலாம்.

---

பழைய ஸ்டியரிங் | புதன், காலை 6:10

அம்மா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவையும் இன்னொரு சைக்கிளில் கூட்டிக்கொண்டு அந்த வழியிலேயே போய் வரச் சொல்லுங்கள். மகள் முன்னால், அப்பா பின்னால். அப்புறம் ஒரு வேலைநாளில் பள்ளி நேரத்துக்கே போய்ப் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறாள் என்று கண்ணால் பார்த்தால் அவருக்கே தெரியும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது: ஒரு கையை எடுத்துவிட்டு, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தும் வண்டி ஆடாமல் நேராகப் போகிறதா? அது வருகிறவரை பெரிய சாலை வேண்டாம். மைதானத்தில் பழகட்டும். இப்போது பிள்ளைகள் முதுகில் ஏழெட்டு கிலோ புத்தகப் பையோடு போகின்றன. பையை கேரியரில் கட்டச் சொல்லுங்கள், திரும்பிப் பார்க்கக் கழுத்து வரும்.

---

நெம்பர் பிளேட் இல்லை | புதன், இரவு 11:45

இப்போதுதான் வேலை முடிந்தது. நான் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன், ஓ.எம்.ஆர் பக்கம்.

முதல் பதிவில் எதிர்த் திசையில் வருகிறவர்களைத் திட்டியிருக்கிறீர்கள். பைக் என்று எழுதியிருந்தாலும் நானும் அந்த லிஸ்ட்டில் இருக்கிறேன். ஓ.எம்.ஆரில் எதிரே கண்ணுக்குத் தெரிகிற கட்டிடத்துக்குப் போக, யூ-டர்ன் வரை போய்த் திரும்பி வரணும். பைக்குக்கு அது ரெண்டு நிமிஷம். எனக்கு, மத்தியான வெயிலில், சூடாக இருக்க வேண்டிய பையை வைத்துக்கொண்டு? நடுவில் தடுப்புச் சுவர். ரோடு போட்டவர்கள் கார் வேகமாகப் போகணும் என்று போட்டார்கள். மிதிக்கிறவனை நினைத்துப் போட்டதாகத் தெரியவில்லை. நேரம் தவறினால் என் காசில் கை வைக்கிறார்கள். நீங்கள் அலுவலகத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போகலாம்.

---

பழைய ஸ்டியரிங் | வியாழன், காலை 6:00

தம்பி, உன் கஷ்டம் புரிகிறது. ரோடு போட்ட விதத்தில் தப்பு இருக்கிறது, அதையும் மறுக்கவில்லை. ஆனாலும் கேள். குறுக்குத் தெருவில் இருந்து மெயின் ரோட்டுக்கு இடப்பக்கம் திரும்பி ஏறுகிற டிரைவர் வலப்பக்கம் மட்டும்தான் பார்ப்பார். வண்டி வருகிற திசை அதுதானே. இடப்பக்கம் இருந்து நீ வந்தால் அவர் கண்ணுக்கே நீ வர மாட்டாய். அவர் வலது பார்த்துக்கொண்டே ஏறுவார், நீ அவர் பானெட்டுக்கு முன்னால் இருப்பாய். நேராக இடிக்கிற இடியில் உன் வேகமும் அவர் வேகமும் சேர்ந்துகொள்ளும்.

---

நெம்பர் பிளேட் இல்லை | வியாழன், காலை 10:20

அது எனக்கும் தெரியும் ஐயா. அதனால்தான் குறுக்குத் தெரு வரும் இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், மற்ற இடத்தில் சர்வீஸ் ரோடு இருந்தால் அதில்தான். இறங்கித் தள்ளுவதை ஆப் கணக்கில் எடுக்காது.

---

யாழ் மதவடி | வியாழன், மாலை 4:30

வணக்கம். நான் யாழ்ப்பாணம். சென்னைக்கு வந்தபோது உங்கட றோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே சைக்கிள் ஓட எனக்குத் துணிவு வராது, ஓடுகிற உங்கள் எல்லாருக்கும் ஒரு கும்பிடு.

நாங்கள் பெற்றோல் இல்லாத காலத்தில் வளர்ந்த ஆக்கள். 90 முதல் 95 வரை பொருளாதாரத் தடை. டொக்டரும் சைக்கிள், வாத்தியாரும் சைக்கிள், பிணம் காவினதும் சில நேரம் சைக்கிளில்தான். கரண்டும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ கேட்டோம். பிறகு 2022இல் நாடு முழுக்கப் பெற்றோல் வரிசை வந்தபோது, மூலையில் கிடந்த சைக்கிள் எல்லாம் திரும்ப வெளியே வந்தது.

நான் சொல்ல வந்தது வேறை. இங்கே கார் ஓடுகிற ஆள் ஒருகாலத்தில் சைக்கிள் ஓடினவர், அவற்றை அம்மா இப்பவும் சந்தைக்குச் சைக்கிளில் போறவ. ஒழுங்கையில் இருந்து ஒரு சைக்கிள் எப்படி வெளியே வரும், மழை வெள்ளத்தைக் கண்டால் எந்தப் பக்கம் விலத்தும் என்று அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அதுக்காக எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஏ9 பெருந்தெருப் பக்கம் மினி பஸ்கள் ஒன்றை ஒன்று முந்த ஓடுகிற ஓட்டத்தில் சைக்கிள்காரர் மண்ணுக்குள் இறங்க வேண்டியதுதான். இப்ப மோட்டார் சைக்கிளிலேயே ஓடப் பழகின இளம் ஆக்களுக்கு அந்தப் பழைய விளக்கமும் குறைவு.

---

கார்க்காரன்44 | வியாழன், இரவு 9:30

யாழ் நண்பர் எழுதியது யோசிக்க வைத்தது. என் தலைமுறை குரங்கு பெடல் போட்டுப் பழகியது. என் மகன் கார் உரிமம் எடுத்துவிட்டான், சைக்கிளில் பிரதான சாலையில் ஒருமுறைகூடப் போனதில்லை.

புள்ளிவிவரமும் தேடிப் பார்த்தேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கைப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. இதில் யார் சரி என்று நாம் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தடத்தின் நடுவே போவது பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் நெரிசலில் ஊரும் சாலையில் ஒரு மீட்டர் கொடுப்பதால் எனக்கு எதுவும் குறையப்போவதில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ரேடியல் ரோடு மாதிரி இடத்தில் முடியாது.

---

சதுப்புநிலக்காரன் | வியாழன், இரவு 9:50

ரேடியல் ரோட்டில் நானும் கேட்கவில்லையே! அங்கே தேவை தனிப் பாதைதான். வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தால் மறுநாள் காலையில் அதில் டாடா ஏஸ் நிற்கும். கல் வைத்துத் தடுத்த பாதையாக இருக்க வேண்டும்.

---

முழங்கையில் தகடு | வெள்ளி, காலை 11:15

கதவு பற்றி முதல் பதிவில் ஒரு வரியில் போய்விட்டீர்கள். எனக்கு நடந்தது அதுதான். அடையாறு பக்கம், நின்றிருந்த காரின் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. முழங்கை எலும்பு உடைந்து தகடு வைத்திருக்கிறது. அதிர்ஷ்டம், பின்னால் வந்த பஸ் நின்றுவிட்டது.

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: கதவைப் பக்கத்துக் கையால் திறக்காமல் எட்ட இருக்கும் கையால் திறங்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் இடது கையால். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், தோளுக்குப் பின்னால் வருவது கண்ணில் படும். நெதர்லாந்தில் பழக்கமான முறை, 2022இல் இங்கிலாந்தின் சாலை விதிநூலிலும் சேர்த்தார்கள். சைக்கிள்காரர்கள், நிற்கும் காரிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளிப் போங்கள். உள்ளே தலை தெரிகிறதா, பின் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பாருங்கள்.

விபத்து நடந்த பிறகு எனக்குத் தெரியவந்தவை, இங்கே பதிந்து வைக்கிறேன்.

108 வந்தது. தமிழ்நாட்டில் நடக்கும் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுச் செலவில் கிடைக்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும். "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48", 2021 டிசம்பரில் தொடங்கியது. சைக்கிளில் போனவருக்கும் நடந்து போனவருக்கும் உண்டு. நான் போன இடத்தில் முன்பணம் கேட்டார்கள். உறவினர் ஒருவர் திட்டத்தின் பெயரைச் சொன்னதும் அடங்கினார்கள். ஆகவே பெயரை நினைவில் வையுங்கள்.

சைக்கிளுக்குக் காப்பீடு இல்லை என்பதால் ஒன்றும் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். இடித்த வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதிலிருந்து மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் மூலம் இழப்பீடு கேட்கலாம். அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். "பேசித் தீர்த்துக்கலாம்" என்று ஐந்நூறு ரூபாய் நீட்டுவார்கள், வாங்கிக்கொண்டு போகாதீர்கள். எலும்பு முறிவு அன்றைக்கு வலிக்காமலும் இருக்கும். இடித்துவிட்டு ஓடிய வண்டி யாருடையது என்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் முதல் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் உண்டு.

தூக்கி உட்காரவைத்தவர் ஒரு பழக்கடைக்காரர். போலீஸ் கேஸ் என்று முதலில் தயங்கினார். உதவி செய்தவரைப் பெயர் சொல்லு, சாட்சி சொல்லு என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தத்திலேயே சட்டத்தில் வந்துவிட்டது.

---

தாவணியும் சைக்கிளும் | வெள்ளி, மதியம் 2:00

கை முழுசாக நீட்ட வருகிறதா இப்போது? திரும்ப ஓட்டுகிறீர்களா?

---

முழங்கையில் தகடு | வெள்ளி, மதியம் 2:40

கடைசிக் கொஞ்சம் நீளாது. ஓட்டுகிறேன் அக்கா. பிரேக் லீவரை மட்டும் மாற்றி வைத்துக்கொடுத்தார்கள்.

---

கோட்டம் எடுப்பவர் | வெள்ளி, இரவு 10:30

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அம்பத்தூரில். 1949இல் இங்கே சைக்கிள் ஆலை வந்த நாள்முதல் எங்கள் ஏரியாவில் வீட்டுக்கு ஒருவருக்காவது இந்தத் தொழில் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் கேட்பது எத்தனை கியர், முன்னால் சஸ்பென்ஷன் உண்டா என்றுதான். பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கட்டையில் வெட்டுக் கோடு இருக்கும், அது மறைந்துவிட்டால் மாற்றணும். ரிம்மில் பிடிக்கிற பிரேக் மழையில் உடனே பிடிக்காது. முதலில் தண்ணீரைத் துடைக்கும், அப்புறம்தான் பிடி கிடைக்கும். அதனால் மழையில் இறங்கினால் அவ்வப்போது லேசாகத் தொட்டுத் தொட்டு ரிம்மைக் காய வைத்துக்கொண்டே போங்கள். டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

முன் பிரேக்கைத் தொட்டால் குட்டிக்கரணம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறவர்கள் நிறைய. வண்டியை அதிகம் நிறுத்துவது முன் பிரேக்தான். ரெண்டையும் சேர்த்து, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்துப் பழகணும். மணல் மேல் மட்டும் முன் பிரேக் வேண்டாம்.

டயர். நம்ம ரோட்டுக்கு 28 மி.மீ. ஒல்லி டயர் சரிப்படாது. ரோட்டு நீளவாக்கில் கம்பி போட்ட வடிகால் சல்லடை சில இடத்தில் இன்னும் இருக்கிறது, அந்த இடுக்கில் ஒல்லி டயர் இறங்கினால் முன்சக்கரம் நின்றுவிடும், ஆள் பறப்பார். 35க்கு மேல் போடுங்கள். வாரம் ஒருமுறை காற்று.

லைட்: பின்னால் சிவப்பு, சீட்டுக்கு அடியில். கேரியரில் பை வைத்தால் மறைந்துவிடும், அப்படியானால் கேரியர் முனையில் மாட்டுங்கள். கணுக்காலில் ஒளிர் பட்டை சுற்றிக்கொள்ளுங்கள், காசு அதிகம் ஆகாது. கால் மேலும் கீழும் போகிறபோது இது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரியும். ஹேண்டிலில் வலப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி. அது இருந்தாலும் தலையைத் திருப்பிப் பார்க்கிறதை விடாதீர்கள், நீங்கள் திரும்பிப் பார்ப்பதே பின்னால் வருகிறவனுக்கு ஒரு சிக்னல்.

---

ஒன்பதாம் வகுப்பு அம்மா | சனி, காலை 9:20

ஹெல்மெட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

கோட்டம் எடுப்பவர் | சனி, காலை 9:45

சட்டப்படி சைக்கிளுக்குக் கட்டாயம் இல்லை. பிள்ளைக்குப் போடுங்கள். கீழே விழும்போது தலைக்கு உதவும். லாரியிடம் இருந்து காப்பாற்றும் என்று நம்பிப் போடக் கூடாது. நெற்றியில் இரண்டு விரல் இடைவெளி, தாடைப் பட்டை இறுக்கம், அது சரியாக இருந்தால் போதும்.

---

நெம்பர் பிளேட் இல்லை | சனி, இரவு 11:50

மேடவாக்கம் பக்கம் ஆர்டர் வர ஆரம்பித்திருக்கிறது. அந்த நீள மேம்பாலத்தில் சைக்கிள் ஏறலாமா, கீழேயே போகணுமா?

---

சதுப்புநிலக்காரன் | ஞாயிறு, காலை 7:15

கீழே போங்கள் தம்பி. பாலம் இரண்டு கி.மீ. நீளம். ஏற்றத்தில் நம் வேகம் பத்து, பன்னிரண்டுக்கு வந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் கீழே இருந்த சிக்னல் எல்லாம் தப்பித்த சந்தோஷத்தில் வருவார்கள். பஞ்சர் ஆனால் ஒதுங்கவும் இடமில்லை. கீழே சந்திப்பில் நெரிசல் அதிகம், ஆனால் எல்லாரும் நம் வேகத்தில்தான் ஊர்வார்கள்.

சாலையில் பள்ளம், உடைந்த மூடி பார்த்தால் எங்கே புகார் கொடுப்பது என்று தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள். மாநகராட்சி எல்லைக்குள் 1913. பள்ளிக்கரணை அதில் வரும், மேடவாக்கம் ஊராட்சி என்பதால் வராது. நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் "நம்ம சாலை" செயலியில் படம் எடுத்துப் போடலாம். படத்தில் பக்கத்துக் கடைப் பலகையோ கம்ப எண்ணோ தெரியும்படி எடுங்கள், இல்லாவிட்டால் இடம் தெரியவில்லை என்று மூடிவிட வாய்ப்பு இருக்கிறது.

---

பழைய ஸ்டியரிங் | ஞாயிறு, காலை 7:40

ஐப்பசி, கார்த்திகை வருகிறது. தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்தில் அடியில் என்ன இருக்கிறது என்று டிரைவருக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும். தெரிந்த சாலையானாலும் முழங்கால் தண்ணீருக்குள் விடாதீர்கள். முன்னால் போன வண்டி தாண்டிய தடத்திலேயே போங்கள், அதுவும் முடியாவிட்டால் அன்றைக்கு பஸ்.

---

சதுப்புநிலக்காரன் | ஞாயிறு, காலை 8:05

பலத்த மழை அன்று நான் வண்டியை எடுப்பதில்லை ஐயா. பள்ளிக்கரணையில் சாலை எங்கே முடிகிறது, சதுப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வேளச்சேரி ரயிலை நம்பி இருப்பவர்கள் நிலைய நிறுத்தத்தில் சைக்கிளை விடும்போது முன் சக்கரத்தையும் ஃப்ரேமையும் சேர்த்துப் பூட்டுங்கள். சீட் கழற்றும் வகை என்றால் கையோடு எடுத்துப்போய்விடுங்கள்.